எங்கள் கம்பெனிக்கு விலை சொன்னவர்கள்

கம்பெனி செக்ரட்டரி என்றால் என்ன வேலை என்று என் மாமியாருக்குக் கல்யாணத்தன்று விளக்க ஆரம்பித்தேன். இன்னும் முடித்தபாடில்லை. எம்.டி.க்குக் காபி வாங்கிக் கொடுத்து, கடிதம் டைப் அடிக்கிற வேலை என்று அவர் முடிவு செய்துவிட்டார். சட்டப்படி என் வேலை வேறு. இயக்குநர்கள் கூட்டத்தைக் கூட்டுவது, அங்கே பேசியதை எழுதி வைப்பது, பங்குச்சந்தைக்கும் அரசாங்கத்துக்கும் உரிய நேரத்தில் உரிய காகிதத்தை அனுப்புவது. ஆனால் அப்போது நான்கு வருஷமாக நான் நடைமுறையில் செய்துகொண்டிருந்தது இது எதுவும் இல்லை. பேச்சுவார்த்தை இல்லாத ஓர் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்களுடையது கோயமுத்தூரில் பம்பு செய்கிற கம்பெனி. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. அண்ணன்தான் எம்.டி. தொழிற்சாலையில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். தம்பியை, அவருக்கும் அறுபது தாண்டிய பிறகும், சின்னவர் என்பார்கள். சின்னவரும் இயக்குநர்தான். ஆனால் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் தோட்டத்தில்தான் இருப்பார். கூட்டத்துக்கு மட்டும் வருவார்.

சண்டைக்குக் காரணம் சொத்து இல்லை. ஒரு மோட்டார். ஒரு நாள் பெரியவர் தம்பி தோட்டத்துக்குப் போயிருந்தபோது கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது எங்கள் மோட்டார் இல்லை. போட்டிக் கம்பெனி மோட்டார். பெயர்ப்பலகையைப் பார்த்தார், செருப்பை மாட்டினார், காரில் ஏறினார். போட்டிருந்த இலையில் உட்காராமலே கிளம்பிவிட்டார் என்று சின்னவர் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு இயக்குநர்கள் கூட்டம் இப்படித்தான் நடந்தது.

"செக்ரட்டரி, புது லேத்து வாங்கறதுல அவருக்குச் சம்மதமான்னு கேளுங்க" என்பார் பெரியவர்.

இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் சின்னவர், "செக்ரட்டரி, பழைய டிசைனையே செய்யறதுக்குப் புது லேத்து எதுக்குங்கன்னு அவரைக் கேளுங்க" என்பார்.

நான் இருவரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "விரிவாக விவாதிக்கப்பட்டது" என்று எழுதிக்கொள்வேன்.

இப்படி இருந்தபோதுதான் எங்கள் பங்கின் விலை ஏற ஆரம்பித்தது. வருஷக்கணக்காக அசையாமல் கிடந்த பங்கு, வாரத்துக்கு வாரம் ஏறியது. பெரியவருக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. "சனங்களுக்கு நம்ம மேல நம்பிக்கை வந்திருச்சுங்க" என்று தொழிற்சாலை முழுக்க மைசூர்பாகு கொடுக்கச் சொன்னார். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். பங்குச்சந்தை தெரிந்தவன் என்று சம்பளம் வாங்குகிற நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மைசூர்பாகு நன்றாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை மும்பையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு பெரிய குழுமம், நான்கைந்து சின்னக் கம்பெனிகளின் பெயரில், எங்கள் பங்கில் கிட்டத்தட்ட கால் பாகத்தைச் சத்தமில்லாமல் வாங்கி முடித்திருந்தது. இப்போது இன்னொரு கால் பாகத்துக்குமேல் பங்குதாரர்களிடம் நேரடியாக வாங்கிக்கொள்ள விலை அறிவித்திருந்தது. சந்தை விலையைவிட நல்ல விலை.

பெரியவர் திரையில் எதையும் படிக்க மாட்டார். அச்செடுத்துக்கொண்டு ஓடினேன். பம்புகளைச் சோதிக்கும் கொட்டகையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே நின்றபடி இரண்டு தடவை படித்தார்.

"இதென்னுங்க இது? கம்பெனிய விக்கறேன்னு நான் யாருகிட்டயும் சொல்லலீங்களே?"

"நீங்க சொல்ல வேண்டியதில்லைங்க சார். பங்கு வெச்சிருக்கறவங்ககிட்ட அவங்களே நேரா வாங்கிக்குவாங்க."

"என்ற ஊட்டை என்னைக் கேக்காம பக்கத்து ஊட்டுக்காரங்ககிட்ட வாங்கிக்கறாப்பலயா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க சார்."

"இதுக்குச் சட்டம் வேற இருக்குதுங்களா?"

"சட்டப்படிதாங்க வந்திருக்காங்க."

சிறிது நேரம் பம்பிலிருந்து கொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "அந்த மைசூர்பாகு..." என்றார். வாக்கியத்தை அவரும் முடிக்கவில்லை, நானும் முடிக்கவில்லை.

மறுநாள் சென்னையிலிருந்து ஆலோசகர்கள் வந்து இறங்கினார்கள். தலைமை வகித்தவர் முப்பது வயதுப் பெண். படு கெட்டிக்காரர். இந்த மாதிரி நேரத்தில் உலகக் கம்பெனிகள் என்னென்ன செய்யும் என்று திரையில் படம் போட்டு விளக்கினார்.

"ஒண்ணு, வெள்ளைக் குதிரை வீரர் சார். அதாவது நமக்கு நட்பான இன்னொரு கம்பெனியை வாங்கச் சொல்றது."

"அவருக்கும் நம்ம கம்பெனியத்தானுங்க குடுக்கோணும்?" என்றார் பெரியவர்.

"ஆமா சார். ஆனா அவர் நல்லவர்."

"இவங்க கெட்டவங்கன்னு எப்புடிங்க தெரியும்?"

ஆலோசகர் தண்ணீர் குடித்தார். அடுத்த படத்துக்குப் போனார். "விஷ மாத்திரைன்னு ஒரு வழி இருக்கு சார். மத்த பங்குதாரர்களுக்கு மலிவாப் புதுப் பங்கு குடுத்து, வாங்க வர்றவங்க பங்கைக் கரைக்கறது. ஆனா அது நம்ம நாட்டுச் சட்டத்துல முடியாது."

"அப்பறம் எதுக்குங்கம்மணி சொல்றீங்க?"

"ஒரு தகவலுக்காக, சார்."

பெரியவர் என் பக்கம் திரும்பி, இந்தத் தகவலுக்கெல்லாம் தனியாகச் சம்பளமா என்று கண்ணால் கேட்டார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டேன்.

விஷயம் வெளியே கசியக்கூடாது, அதனால் இதற்கு ஒரு ரகசியப் பெயர் வைக்க வேண்டும் என்றார் ஆலோசகர். சிங்கம், கோட்டை, கேடயம் என்று பெயர்கள் வைப்பது வழக்கமாம். அந்த நேரத்தில் பெரியவர் எங்கள் ஊர் வெல்லப் பலகாரமான கச்சாயம் கடித்துக்கொண்டிருந்தார். "கச்சாயம்னு வெச்சுக்குங்க" என்றார். அன்று மாலையிலிருந்து சென்னையிலிருந்து வந்த மின்னஞ்சல்கள் எல்லாவற்றிலும் 'மிக ரகசியம்: கச்சாயம்' என்று இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு டீ கொண்டுவந்த கேண்டீன் அக்கா டம்ளரை வைத்துவிட்டு, "ஏனுங்க, கச்சாயம் வேகுதுங்களா, கருகுதுங்களா?" என்று கேட்டார்.

எங்கள் இயக்குநர்களில் குடும்பத்தைச் சேராத ஓர் அம்மாள் இருந்தார். பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து, முதல்வராக ஓய்வு பெற்றவர். மும்பைக்காரர்கள் சொன்ன விலை நியாயமானதா என்று அவர் தலைமையில் ஒரு குழு கருத்துச் சொல்ல வேண்டும், அதை நாளிதழில் வெளியிட வேண்டும் என்பது சட்டம். மும்பையிலிருந்து வந்த ஆவணம் அத்தனை பக்கத்தையும் சிவப்பு மையில் திருத்திக்கொண்டு வந்தார். காற்புள்ளி விட்ட இடமெல்லாம் வட்டம்.

"விலை நியாயமானதுதானுங்க" என்றார் பெரியவரிடம். "அப்படித்தான் எழுதப் போறேன்."

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. "நீங்க நம்ம பக்கம்னு நெனச்சனுங்க."

"நான் பங்குக்காரங்க பக்கம். அதுக்குத்தான் என்னைய உக்காத்தி வெச்சிருக்கீங்க. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நம்ம மோட்டார் எதுக்கு மத்ததைவிட அதிகமா கரண்ட் இழுக்குது? மூணு கூட்டமா கேக்கறேன். 'விரிவாக விவாதிக்கப்பட்டது'ன்னு எழுதியிருக்குது. யாரும் விவாதிக்கலீங்க."

கடைசி வாக்கியம் எனக்கு. நான் பேனாவை மூடினேன்.

வீட்டிலும் எனக்கு நிம்மதி இல்லை. மாமியாரிடம் எங்கள் கம்பெனிப் பங்கு கொஞ்சம் இருந்தது. நான் இந்த வேலையில் சேருவதற்கு வெகு முன்பே மாமனார் வாங்கிப் போட்டது. அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டார்.

"மாப்பிள்ளை, வித்துப்போடட்டுங்களா, வெச்சுக்கட்டுங்களா?"

"அத்தை, நான் அந்த வேலைல இருக்கறதால ஒண்ணும் சொல்லக்கூடாதுங்க. சட்டம்."

"ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்க."

"உங்களுக்குத்தாங்க முக்கியமா சொல்லக்கூடாது."

அவர் என் மனைவி பக்கம் திரும்பி, "காபி வாங்கிக் குடுக்கற வேலைன்னு நான் சொன்னது சரியாத்தான் இருக்குது கண்ணு. பாவம், அவருகிட்ட யாரும் எதுவும் சொல்றதில்ல போல" என்றார். அந்த வாரமே எல்லாப் பங்கையும் மும்பைக்காரர்களுக்குக் கொடுக்க எழுதிக் கொடுத்தார். வந்த தொகையில் சமையலறையைப் புதுப்பித்தார். இந்தப் போரில் முழுத் திருப்தியோடு வெளியேறிய ஒரே ஆள் அவர்தான்.

எண்ணிக்கை எளிமையானது. பெரியவர் குடும்பத்திடம், சின்னவர் பங்கைச் சேர்க்காமல், மூன்றில் ஒரு பாகம். மும்பையிடம் கால் பாகம். வெளியே சிதறிக் கிடக்கும் பங்குகளில் என் மாமியார் மாதிரி கொஞ்சம் பேர் கொடுப்பார்கள், நிறையப் பேர் பத்திரத்தை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால் எல்லாம் சின்னவரிடம் இருந்த பங்கில் வந்து நின்றது. அவர் கொடுத்தால் கம்பெனி போய்விடும். கொடுக்காவிட்டால் நிற்கும். இது எங்களுக்குத் தெரிந்தது போலவே மும்பைக்கும் தெரியும். அவரிடம் அவர்கள் தொலைபேசியில் பேசிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

"நீங்க போய்ப் பேசிட்டு வாங்க" என்றார் பெரியவர் என்னிடம்.

"நீங்க ஒரு போன் பண்ணினா..."

"செக்ரட்டரி!"

போனேன். சின்னவர் தோட்டத்தில் என்னை மிகுந்த மரியாதையாக வரவேற்றார். இட்லி, பிறகு இளநீர், பிறகு வாழைப்பழம், பிறகு மறுபடியும் காபி. நான்காவது தடவையாக விஷயத்தை எடுத்தபோதுதான் பதில் சொன்னார்.

"மும்பைக்காரங்க நேரா வாரேங்கறாங்க. உங்க எம்.டி. உங்களைத் தாட்டி விட்டிருக்கறாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க. அவரு வந்து இந்த மோட்டாரைப் பாக்கோணும். பேசக்கூட வேண்டாம். பாத்துப்போட்டுப் போகட்டும்."

திரும்பி வந்து இதைப் பெரியவரிடம் சொன்னேன். மூன்று நாள் போனது. நான்காம் நாள் காலையில் என் வீட்டு வாசலில் கார் ஹாரன் கேட்டது. பெரியவர் பின்சீட்டில் இருந்தார். பக்கத்தில், விருந்தாளி மாதிரி, ஸ்பேனர் பை.

"சமாதானத்துக்குப் போகலீங்க" என்றார், நான் கேட்காமலே. "மோட்டாரைப் பாக்கறதுக்குப் போறோம்."

கிளம்பும்போதே சின்னவருக்கு நான் போனில் செய்தி அனுப்பிவிட்டேன்.

சின்னவர் கிணற்றடியில் கயிறும் ஆட்களுமாகத் தயாராக நின்றார். நான்கு பேர் இழுத்து மோட்டாரை மேலே கொண்டுவந்தார்கள். கொட்டகைத் தரையில் சாக்கை விரித்து அதன்மேல் வைத்தார்கள். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே சின்னவர் உட்கார்ந்தார். வழக்கம்போல நடுவில் நான்.

பெரியவர் யாரையும் பார்க்காமல் கையை நீட்டி, "பதிமூணு" என்றார். நான் பையைத் துழாவுவதற்குள் சின்னவர் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அந்தக் கையில் வைத்தார். மூடி கழன்றது. கடைசி போல்ட் துருப்பிடித்து மாட்டிக்கொண்டது. சின்னவர் அதை முக்கித் திருகினார்.

"டேய், அப்புடித் திருகாதடா! மரை போயிரும்!"

நான்கு வருஷத்தில் என் வழியாகப் போகாத முதல் வாக்கியம்.

"உங்களுக்கு எல்லாம் தெரியுமுங்க. நீங்களே திருகுங்கண்ணா" என்றார் சின்னவர்.

இரண்டாவது வாக்கியம். நான் மெல்ல எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

மோட்டார் பிரிந்து கிடந்தது. பெரியவர் வாழ்க்கையை ஆரம்பித்தது மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி வைண்டிங் கட்டுகிற ஆளாகத்தான். உள்ளே அடுக்கியிருந்த தகடுகளை விரலால் தடவினார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், நகத்தால் சுண்டினார். எங்கள் மோட்டார்த் தகட்டைவிட மெல்லிசு. செம்புக் கம்பி எங்களுடையதைவிட நெருக்கமாகச் சுற்றியிருந்தது. கரண்ட் குறைவாக இழுப்பதன் ரகசியம் அதுதான்.

"இந்தத் தகடு எங்கடா வாங்கறானுக?"

"விசாரிச்சு வெச்சிருக்கறனுங்கண்ணா. நாலு வருசத்துக்கு முந்தியே காமிக்கலாம்னுதான் இதை வாங்கி மாட்டுனேன். நீங்க வந்தீங்க, பேரைப் பாத்தீங்க, போயிட்டீங்க."

"வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"கூட்டத்துல சொன்னனே."

"எப்போ?"

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். புது லேத்து, பழைய டிசைன், விரிவாக விவாதிக்கப்பட்டது. நான் தென்னை மரங்களைப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில் தோட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கார் நுழைந்தது. சின்னவர் தலையில் கை வைத்தார். "அண்ணா, மும்பைக்காரங்கள இன்னைக்குத்தான் வரச் சொல்லியிருந்தேன். இந்த வேலைல சுத்தமா மறந்துபோட்டேன்."

மும்பைக் குழுமத்தின் பெரிய அதிகாரி இறங்கினார். பளபளக்கும் ஷூ. கூடவே மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து ஒரு வக்கீல். சின்னவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப் போய் வணக்கம் சொன்னார். பெரியவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஆண்டறிக்கையில் இருக்கும் அவர் படம் தலைமுடி கருப்பாக இருந்த காலத்தில் எடுத்தது. முழங்கை வரை கிரீஸோடு சாக்கில் உட்கார்ந்திருந்தவரை அதிகாரி மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டார். என்னை மெக்கானிக்கின் உதவியாள் என்று நினைத்திருக்க வேண்டும். என் கையில் ஸ்பேனர் இருந்தது.

கொட்டகை நிழலிலேயே நாற்காலி போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதிகாரி சொல்லச் சொல்ல வக்கீல் தமிழில் சொன்னார். நல்ல விலை, ஊழியர்களுக்குப் பாதுகாப்பு, புதிய முதலீடு. பிறகு வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணனுக்குப் புதுத் தொழில்நுட்பத்துல நம்பிக்கை இல்லைன்னு சார் கேள்விப்பட்டிருக்கார்."

"ஆமாங்க" என்று சாக்கிலிருந்து குரல் வந்தது. "இத்தன நாளா இல்லீங்க."

வக்கீல் திரும்பிப் பார்த்தார். மெக்கானிக் ஏன் பதில் சொல்கிறார் என்று புரியவில்லை.

"இவரு என்ற அண்ணனுங்க" என்றார் சின்னவர் சாதாரணமாக.

வக்கீல் அதை மொழிபெயர்ப்பதற்கு ஏனோ நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். அதிகாரி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து கையை நீட்டினார். பெரியவர் தன் கையைக் காட்டி, "கிரீஸுங்க" என்று சிரித்தார். "கழுவிட்டு வாரேன். மொதல்ல சாப்புடலாம் வாங்க. வந்தவங்க சாப்புடாமப் போகக்கூடாதுங்க."

நான்கு வருஷத்துக்கு முன்னால் அதே வீட்டிலிருந்து சாப்பிடாமல் போனவர் சொல்கிறாரே என்று நான் சின்னவரைப் பார்த்தேன். அவர் இலை போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

அரிசியும் பருப்பும் சாதம், அதன் மேல் குளம் கட்டிய நெய், பொரியல், தயிர், பாயசம். அதிகாரிக்கு மூன்று தடவை பரிமாறினார்கள். போதும் என்று அவர் சொன்னதை மொழிபெயர்க்க வக்கீலுக்கு நேரமில்லை, அவர் இலையிலும் சாதம் விழுந்துகொண்டிருந்தது. கைகழுவிய பிறகு அதிகாரி, பெரியவர் பக்கத்திலேயே நிற்பதால் கொஞ்சம் கூச்சத்தோடு, சின்னவரிடம் முடிவாக என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"பார்க்கலாமுங்க" என்றார் சின்னவர் அவ்வளவு அன்பாக. "இவ்வளவு தூரம் எங்களைத் தேடி வந்திருக்கீங்க. பார்க்கலாமுங்க."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் இந்தத் தொனியில் பார்க்கலாமுங்க என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்று அர்த்தம். சென்னை வக்கீலுக்கு அது தெரியாது. யோசித்து நல்ல முடிவாகச் சொல்வார் என்று மொழிபெயர்த்தார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. காரின் டிக்கியில் ஒரு வாழைத்தாரும் இருபது தேங்காயும் ஏற்றினார்கள். கார் வளைவு திரும்பும் வரை அண்ணனும் தம்பியும் ஒன்றாக நின்று கும்பிட்டார்கள். பேச்சு மிகச் சாதகமாக முடிந்தது என்று மும்பை நினைத்துக்கொண்டிருப்பதாகச் சென்னை ஆலோசகர் கவலையோடு போன் செய்தார். கவலைப்பட வேண்டாம் என்றேன். ஏன் என்று அவருக்கு விளக்க முடியவில்லை.

பங்கு கொடுப்பதற்கான கெடு முடிந்தபோது சின்னவரிடமிருந்து ஒரு பங்குகூடப் போகவில்லை. மற்றவர்களிடமிருந்து மும்பைக்கு வந்து சேர்ந்தது சொற்பம். கம்பெனி கைவிட்டுப் போகவில்லை. ஆனால் அவ்வளவு பங்கு வைத்திருப்பவர்களை வாசலில் நிறுத்த முடியாது. அந்த அதிகாரியே ஓர் இயக்குநராக வந்து உட்கார்ந்தார். முதல் கூட்டத்திலேயே, மோட்டார் ஏன் அதிகமாக மின்சாரம் இழுக்கிறது என்று கேட்டார். இயற்பியல் அம்மாள் முதன்முறையாக அவரை மரியாதையோடு பார்த்தார். சின்னவர் தொழில்நுட்ப இயக்குநராகித் தினமும் தொழிற்சாலைக்கு வர ஆரம்பித்தார். புது மோட்டார் தயாராக ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷமும் அண்ணன் தம்பி சத்தம் சோதனைக் கொட்டகையைத் தாண்டிக் கேட்டது.

புது மோட்டார் நன்றாக விற்றது. பங்கு விலையும் ஏறியது. இந்தத் தடவை காரணம் தெரிந்த ஏற்றம். சென்ற ஆண்டு மும்பைக்காரர்கள் லாபம் பார்த்து, தங்கள் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தையில் விற்றுவிட்டார்கள். அதிகாரி இயக்குநர் பதவியிலிருந்து விலகுவதாக எழுதியனுப்பினார். கடிதத்தின் முடிவில் எல்லோருடைய உபசரிப்புக்கும் தனியாக நன்றி சொல்லியிருந்தார்.

எங்களைப் பிடித்த கண்டம் முழுதாக விலகிய நாள் அது. கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு பெரியவர் அறைக்கு ஓடினேன். அண்ணனும் தம்பியும் மேசையில் பம்புக்குள் சுழல்கிற இம்பெல்லர் ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் இதழ் எத்தனை டிகிரி வளைய வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சார், மும்பையிலருந்து..." என்றேன்.

"வெச்சுட்டுப் போங்க செக்ரட்டரி" என்றார் பெரியவர், தலை நிமிராமல். "அப்பறம் பாத்துக்கலாம்."

சின்னவர் மட்டும் என்னைப் பார்த்தார். "அப்புடியே ரெண்டு காபி வரச் சொல்லிப்போடுங்க."